மான் மந்தையின் நலத்தைத் தொடாமல் அறிவது எப்படி: நெல்லைச் சீமையில் தொடங்குவோருக்கு

மந்தையில் எத்தனை மான்கள் நிற்கின்றன என்று எண்ணிவிட்டால் அதன் நலமும் தெரிந்துவிட்டதாகப் புதிதாகத் தொடங்குவோர் நினைப்பதுண்டு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் எண்ணிக்கை சரிவதற்கு முன்பே முதுகும் பள்ளையும் (விலாவுக்குப் பின்னுள்ள வயிற்றுப் பக்கம்) புழுக்கையும் தீனிக் குறைவைக் காட்டத் தொடங்கிவிடும். கிடை போடும் கீதாரி, அதாவது மந்தை மேய்ப்பவர், தன் ஆட்டின் முதுகைத் தடவி அறிவதை, நாம் எட்ட நின்று கண்ணால் அறிய வேண்டும்.

முதலில் அனுமதி. திருநெல்வேலிக்கு வடக்கே, 2013-இல் அறிவிக்கப்பட்ட கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயமானாலும், 1987-இல் அறிவிக்கப்பட்ட வல்லநாடு வெளிமான் சரணாலயமானாலும், வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே நடப்பதோ புழுக்கையை எடுப்பதோ கூடாது. அனுமதி கிடைத்ததும் ஒரே பாதையில், மாதந்தோறும் ஒரே வாரத்தில், காலை மேய்ச்சல் முடியும் நேரத்தில் செல்லுங்கள். நேரம் மாறினால் ஒரு மாதக் குறிப்பை இன்னொரு மாதத்தோடு ஒப்பிட முடியாது.

அடுத்து, தொலைநோக்கியால் உடலைப் பாருங்கள். விலா எலும்பு, இடுப்பெலும்பு, முதுகுத்தண்டு, வாலடி ஆகிய நான்கையும் பார்த்து, எலும்பு துருத்தித் தெரிந்தால் 1, சதை பிடித்து உருண்டிருந்தால் 5 என மதிப்பெண் இடுங்கள். இடப்பக்கப் பள்ளை மேய்ந்த பிறகும் குழிந்தே இருந்தால், வயிறு நிறையவில்லை என்று பொருள். வளர்ந்த பெட்டைகளை மட்டும் கணக்கில் கொள்வது நல்லது. ஆண் மான்கள் இணைசேரும் காலத்தில் தீனி குறைந்து மெலிவது இயல்பு. பாலூட்டும் பெட்டையும் சற்று இளைத்திருக்கும் என்பதால், மடி தெரிந்தால் அதைத் தனியே குறியுங்கள்.

மூன்றாவது வேலை புழுக்கை சேகரிப்பு. இதை அருவருப்பாகக் கருதித் தள்ளிவிடுவோர் உண்டு. எனக்கோ அதிகம் கற்றுத் தந்தது இதுதான். பச்சைப் புல் மேய்ந்த காலத்தில் புழுக்கை மென்மையாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். காய்ந்த புல்லைத் தின்னும் கோடையில் தனித்தனியாக, கடினமாக உதிரும். வெளிமான் ஆண்கள் தம் எல்லைக்குள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கையிடுவதால், வல்லநாட்டில் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குவியல் ஆண்களின் தீனியை மட்டுமே சொல்லும் என்பதை மறக்க வேண்டாம். ஈரப் பளபளப்பு மாறாத புழுக்கையைக் கையுறையோடு எடுத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் காகித உறையில் நிழலில் உலர்த்தி நைட்ரஜன் அளவைக் கண்டறியவும், மறுபங்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் குடற்புழு முட்டைகளைத் தேடவும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

புழுக்கையில் நைட்ரஜன் கூடினால் தீனியில் புரதம் கூடியது என்பது பொது விதி. நம் வறண்ட காட்டில் அந்த விதியை அப்படியே நம்பிவிடக் கூடாது. புல் தீர்ந்ததும் மான்கள் உடைமரம் போன்றவற்றின் தழைக்குத் திரும்பும். தழையிலுள்ள துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பிணைத்துச் செரிக்கவிடாமல் வெளியேற்றுவதால், பட்டினிக் காலத்திலும் நைட்ரஜன் கூடுதலாகத் தெரியலாம். ஆகவே உடல் மதிப்பெண்ணை அருகில் வைத்துக்கொண்டே ஆய்வக எண்ணைப் படியுங்கள். புழுக்கையில் சீமைக்கருவேல விதைகள் மிகுந்திருந்தால், மந்தை நெற்றை நம்பி நாள் கழிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நிலத்தில் எவ்வளவு தீனி இருக்கிறது என்று அறிய, மேய்ச்சல் நிலத்தில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வைத்து, உள்ளிருக்கும் புல்லை அறுத்து, எடை மாறாத வரை வெயிலில் காயவைத்து நிறுத்தால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒரு முறை, மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு முறை, கடுங்கோடையில் ஒரு முறை எனச் செய்யலாம். நூறு பெட்டைகளுக்கு எத்தனை குட்டிகள் என்ற விகிதத்தையும் அதே நாட்களில் எழுதிவையுங்கள்.

கால்நடைகளும் மான்களும் ஒரே குட்டையில் நீர் அருந்தும் இடங்களில் நொண்டுதல், வாயில் நுரை ஆகியவற்றைக் கவனியுங்கள். அவை கோமாரியின் அறிகுறிகளாக இருக்கலாம். செத்துக் கிடக்கும் மானின் மூக்கிலோ ஆசனவாயிலோ கறுத்த இரத்தம் வடிந்திருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கக்கூடும். அதன் நுண்ணுயிர் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிர்ப்போடு இருக்கும் என்பதால், உடலைத் தொடாமலும் திறக்காமலும் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, வனச்சரகருக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே தெரிவித்துவிட்டு விலகி நில்லுங்கள்.