சொலோவியோவை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

ரஷ்யச் சமயத் தத்துவ அறிஞர் விளாதிமிர் சொலோவியோவை (1853–1900) கால வரிசைப்படி வாசிக்கத் தொடங்குபவர், புலனறிவால் உறுதிப்படுவதே அறிவு எனும் நேர்க்காட்சிவாதத்தை மறுத்து 1874-இல் அவர் அளித்த ஆய்வேட்டிலேயே களைத்துவிடக்கூடும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1892 முதல் 1894 வரை எழுதிய ‘காதலின் பொருள்’ கட்டுரைகளை முதலில் எடுங்கள். தன்னலம் கொண்டவன் தனக்கு எல்லையற்ற மதிப்பு உண்டென்று நினைப்பதில் பிழையில்லை, அதே மதிப்பைப் பிறருக்கு மறுப்பதே பிழை என்றும், அம்மறுப்பை உள்ளிருந்தே உடைக்கும் ஆற்றல் காதலுக்கு உண்டென்றும் அவர் அங்கு வாதிடுகிறார்.

இதைப் பற்றிக்கொண்டால் அவருடைய மையக் கருத்தான ‘அனைத்தொருமை’ எளிதில் விளங்கும்: பலவற்றைக் கரைத்து ஒன்றாக்கும் ஒருமை அன்று அது, ஒவ்வொன்றும் தன் தனித்தன்மையை இழக்காமலே முழுமையில் இடம்பெறும் ஒருமை. அதன்பின், 1878-இல் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் நிகழ்த்தத் தொடங்கிய, நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியும் வந்து கேட்ட, கடவுள்-மானுடம் (கடவுளும் மனிதரும் ஒன்றிணைதல்) பற்றிய சொற்பொழிவுகளுக்குச் செல்லலாம். தெய்வ ஞானமாகிய சோஃபியாவைத் தாம் மும்முறை கண்டதாகச் சொல்லும் ‘மூன்று சந்திப்புகள்’ கவிதையை இவற்றுக்குப் பிறகு படிப்பதே நல்லது. முதலிலேயே படித்தால் வெறும் மறைஞானியாகத் தோன்றிவிடுவார். அவரோ அதைப் பாதி நகைச்சுவையாகவே எழுதினார்.

தாக்கத்தைத் தேடும்போது, ஒவ்வொருவரும் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்று கேளுங்கள். கவிஞர் அலெக்சாந்தர் புளோக் சோஃபியாவைத் தம் ‘அழகிய பெருமாட்டி’ ஆக்கினார். தத்துவக் கட்டமைப்பை விட்டுவிட்டார். மார்க்சியத்திலிருந்து திரும்பிய செர்கேய் புல்காகோவ் (நாவலாசிரியர் மிகயீல் புல்காகோவ் வேறு) அதே சோஃபியாவை இறையியலின் நடுவில் வைத்தார். பாரிசில் புலம்பெயர்ந்து வாழ்ந்த அவருடைய போதனையை 1935-இல் மாஸ்கோ திருச்சபைத் தலைமை கண்டித்தது. ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹெகல் பற்றிய விரிவுரைகளால் பின்னாளில் புகழ்பெற்ற அலெக்சாந்தர் கோஜேவ், ஜெர்மனியின் ஹைடெல்பெர்கில் தம் முனைவர் பட்டத்துக்கு எடுத்த பொருளே சொலோவியோவின் தத்துவந்தான். ஆனால் தஸ்தயேவ்ஸ்கியின் நாவலில் வரும் கரமசோவ் சகோதரர்களுள் எவர் சொலோவியோவின் சாயலில் உருவானார் என்ற பழைய விவாதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

இறுதியாக, 1889-இல் பிரெஞ்சில் வெளியான ‘ரஷ்யாவும் உலகத் திருச்சபையும்’ நூலையும், 1900-இல் எழுதிய அந்திக்கிறிஸ்து (உலக முடிவில் வரும் கிறிஸ்துவின் எதிரி) கதையையும் அடுத்தடுத்துப் படியுங்கள். முன்னதில் ரஷ்யப் பேரரசும் போப்பும் கைகோத்தால் பிரிந்துகிடக்கும் கிறிஸ்தவத் திருச்சபைகள் ஒன்றுபடும் என்று நம்பியவர், பின்னதில் அந்த ஒற்றுமையை எஞ்சிய சிலருக்கு மட்டுமே, ஓர் இருண்ட இரவில், ஆளற்ற மேட்டில் வாய்க்கச் செய்கிறார்.