ரிப்போர்ட் வருது, முடிவு மட்டும் இன்னும் குத்துமதிப்புதான்: கடை நடத்துறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு இந்தப் பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் இப்ப பில்லிங் சாஃப்ட்வேர் இருக்கு, கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர் இருக்கு, சாயங்காலம் ஆனா அன்னைக்கு சேல்ஸ் எவ்வளவுன்னு ஓனர் போனுக்கு மெசேஜ் வந்துருது. ஆனா தீபாவளிக்கு எவ்வளவு சரக்கு போடலாம், எந்தப் பார்ட்டிக்கு கடன் நிறுத்தலாம், இன்னொரு கிளை தொறக்கலாமா வேணாமான்னு வரும்போது மட்டும் "போன வருசம் நல்லாத்தானே போச்சு, அதே மாதிரி போட்டுரு"ன்னு முடிஞ்சிருது. இந்தக் கடைகளுக்கு கணக்கும் சிஸ்டமும் செட் பண்ணிக் குடுக்கிற வேலைல இருக்கிறதால இத அடிக்கடி பாக்குறேன், பாக்கவே வருத்தமா இருக்கு, ஏன்னா காசு செலவு பண்ணி வாங்கின சிஸ்டத்துக்குள்ளயே பதில் பாதிக்கு மேல கிடக்கு.

முதல் தவறு, என்ன முடிவு எடுக்கணும்னு யோசிக்காமலே சாஃப்ட்வேர் வாங்குறது. டெமோ காட்டுறவரு நூறு ரிப்போர்ட் காட்டுவாரு, கலர் கலரா டேஷ்போர்டு காட்டுவாரு, நமக்கும் எல்லாம் வேணும்னு தோணும். அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர எடுத்து, இந்தக் கடைல மாசாமாசம் நான் எடுக்கிற முடிவு என்னென்ன, ஒவ்வொண்ணுக்கும் எந்த நம்பர் தெரிஞ்சா என் முடிவு மாறும்னு எழுதிப் பாருங்க. எந்த முடிவையும் மாத்தாத நம்பரப் பாத்துக்கிட்டு இருக்கிறது நேர விரயம். நம்ம ஊரு வட்டிக்கடை நடைமுறைய நினைச்சுப் பாருங்க, முதலாளி செட்டிநாட்டுல இருப்பாரு, கடை ரங்கூன்லயோ பினாங்குலயோ இருக்கும், ஏஜெண்டா போறவருக்கு வழக்கமா 3 வருச தவணை, அங்கேருந்து கடுதாசியும் கணக்கும் கப்பல்ல வரும், வந்ததப் பாத்து ஊர்ல உக்காந்தே முடிவு சொல்லுவாங்க. தகவல் கம்மிதான், லேட்டாவும்தான் வரும், ஆனா இன்னும் கடன் குடுக்கலாமா, வட்டி எவ்வளவு, அந்த ஏஜெண்ட திரும்ப அனுப்பலாமான்னு எதுக்காக கணக்கு வருதுங்கிறதுல குழப்பமே இருந்திருக்காது.

அடுத்தது, என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்துலயும் பெரிய தவறு, ஐட்டம் மாஸ்டர, அதாவது சிஸ்டத்துல இருக்கிற சரக்குப் பேர் பட்டியல, யார் வேணா எப்படி வேணா போடுறது. ஒரு சேலைக் கடைல பாத்தத சொல்றேன். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம கண்டாங்கி சேலை இருக்கில்ல, அது அந்த சிஸ்டத்துல "கண்டாங்கி"ன்னு ஒரு ஐட்டம், "கண்டாங்கி காட்டன்"னு இன்னொண்ணு, "செட்டிநாடு காட்டன்"னு வேற ஒண்ணு, எல்லாமே ஒரே தறிக்காரர்கிட்ட இருந்து வந்த ஒரே சேலை. பர்ச்சேஸ் போடுற பொண்ணு ஒரு பேர்ல ஏத்துது, கவுண்டர்ல பில் போடுற தம்பி வேற பேர்ல இறக்குறாரு. கடைசில ஒரு பேர்ல மைனஸ் 60, இன்னொரு பேர்ல 140 ஸ்டாக்னு நிக்கிது, நெசமா அலமாரில இருந்தது 80. ஓனர் 140-ஐப் பாத்துட்டு அதான் நெறைய கிடக்கேன்னு தை மாச முகூர்த்தத்துக்கு தறிக்காரர்கிட்ட ஆர்டரே சொல்லல. ரிப்போர்ட்டுல என்ன தப்புன்னு கண்டுபிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டப்ப சீசன் பாதி முடிஞ்சு போச்சு, கைத்தறில அவசரத்துக்கு நெய்து குடுங்கன்னு கேக்கவும் முடியாது.

இது சின்னக் கடைக்கு மட்டும் வர்ற பிரச்சினை இல்ல. அமெரிக்காவோட டார்கெட் கம்பெனி 2013-ல கனடாவுல கடை தொறந்துச்சு, புது சிஸ்டத்துல அவசர அவசரமா சரக்கு விவரம் ஏத்தினதுல அளவு, பேக்கிங் எண்ணிக்கைன்னு ஏகப்பட்ட எண்ட்ரி தப்பு, இஞ்ச் போட வேண்டிய இடத்துக்கும் சென்டிமீட்டர் போட வேண்டிய இடத்துக்கும் வித்தியாசம் தெரியாம போட்டிருந்தாங்க. குடோன்ல சரக்கு குமிஞ்சு கிடக்கு, கடை அலமாரி காலி. கடை வச்ச இடத்துல இருந்து எவ்வளவோ காரணம் சேந்துதான் 2015-ல 133 கடையையும் மூடுனாங்க, ஆனா இந்த டேட்டா குளறுபடி அதுல முக்கியமான ஒண்ணு. அதனால புது ஐட்டம் தொறக்கிற உரிமைய ஒரே ஒரு ஆள்கிட்ட குடுங்க, ரகம், நெசவு, சைஸ்னு ஒரு வரிசை வச்சு பேர் போடச் சொல்லுங்க, மாசக் கடைசில வேற எந்த ரிப்போர்ட்டையும் தொடறதுக்கு முன்னாடி மைனஸ் ஸ்டாக் லிஸ்ட்ட எடுங்க. அதுல ஒரு வரி இருந்தாலும் மத்த ஸ்டாக் ரிப்போர்ட்ட நம்பி ஆர்டர் போடாதீங்க.

ஸ்டாக்னு சொல்லும்போதே ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள் ஞாபகம் வருது. கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் ஊத்தி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, அப்புறம் தண்ணித் தொட்டில நாள் கணக்கா ஊற விட்டு, எடுத்து வெயில்ல காய வச்சுத்தான் லாரில ஏத்த முடியும். ஆனா பல இடத்துல அச்சுல இருந்து எடுத்த அன்னைக்கே கல்லு "ஸ்டாக்"ல ஏறிடுது, ஆபீஸ்ல இருக்கிறவரு அதப் பாத்துட்டு சென்னைல வீடு கட்டுற பார்ட்டிக்கு திங்கக்கிழமை லோடு வந்துரும்னு வாக்கு குடுத்துர்றாரு. கல்லு இன்னும் தொட்டிக்குள்ள இருக்கும், இதுல ஐப்பசி மழை வேற புடிச்சுக்கிட்டா கேக்கவே வேணாம். தொட்டில, காயுற இடத்துல, ஏத்த ரெடின்னு மூணு நிலையா பிரிச்சுப் போட்டாலே இந்தப் பிரச்சினை தீந்துரும், அதுக்கு புது சாஃப்ட்வேர்லாம் வேணாம், டேலிலயே மூணு குடோன் தொறந்தா போதும்.

அப்புறம் கணக்கு எழுதுறதே ஆடிட்டருக்காகன்னு ஆயிப்போச்சு. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததுல இருந்து எண்ட்ரி ஒழுங்கா வருது, அது நல்லதுதான், ஆனா மாசாமாசம் தாக்கல் பண்றவங்களுக்கு 3பிங்கிற ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி அடுத்த மாசம் 20, அதனால 17, 18-ல உக்காந்து மொத்த பர்ச்சேஸையும் ஏத்துறாங்க. அப்படின்னா 1-ஆம் தேதி வாங்கின எண்ணெய் விலை ஏறினது அடுத்த மாசம் 18-ல தான் சிஸ்டத்துக்குத் தெரியும், அதுக்குள்ள பழைய விலைல மூட்டை மூட்டையா பலகாரம் வித்து முடிச்சிருப்பீங்க. வரி கட்டுறதுக்கு மாசத்துக்கு ஒரு தடவை எண்ட்ரி போதும், விலை முடிவு பண்றதுக்குப் போதாது. வாங்கின பில்ல அன்னைக்கே ஏத்துறதுன்னு ஒரு பழக்கம் வந்துட்டா பாதிப் பிரச்சினை போயிரும்.

பலகாரக் கடைக்காரங்க கவனிக்க வேண்டியது இன்னொண்ணு இருக்கு, இங்கிலீஷ் மாசத்த வச்சு போன வருசத்தோட ஒப்பிடுறது. 2023-ல தீபாவளி நவம்பர் 12, 2024-ல அக்டோபர் 31. அப்ப 2024 அக்டோபர் ரிப்போர்ட்டுல சேல்ஸ் எகிறிப் போயிருக்கும், நவம்பர்ல அதல பாதாளத்துக்கு விழுந்திருக்கும், ரெண்டுமே நெசம் இல்ல, பண்டிகை இடம் மாறினதுதான். இத பாத்துட்டு யாவாரம் படுத்துருச்சுன்னு முறுக்கு சுத்துற ஆச்சிகள்ல ரெண்டு பேர நிறுத்தினா அடுத்த முகூர்த்த சீசனுக்கு அந்தக் கைப்பக்குவம் திரும்பக் கிடைக்காது. 2025-ல அக்டோபர் 20, 2026-ல நவம்பர் 8, இப்படி வருசா வருசம் நகந்துக்கிட்டேதான் இருக்கும். அதனால தீபாவளிக்கு முந்தின 21 நாள்னு எடுத்து போன வருச தீபாவளிக்கு முந்தின 21 நாளோட ஒப்பிடுங்க. கல்யாணச் சீர் ஆர்டருக்கு தமிழ் மாசத்த வச்சுப் பாருங்க, ஆடியும் மார்கழியும் படுக்கும், ஆவணியும் தையும் தூக்கும், அந்தந்த மாசத்துல எத்தன முகூர்த்த நாள் இருந்துச்சுன்னு பக்கத்துல தனியா எழுதி வச்சா மாசத்துக்கு மாசம் நெசமான வித்தியாசம் தெரியும். மணகோலம், சீப்புச்சீடை, தேன்குழல்னு ஒவ்வொண்ணுக்கும் கூலியும் எண்ணெயும் தனித்தனியா போட்டு லாபம் பாக்காம மொத்த லாபத்த மட்டும் பாக்குறதும் இதே மாதிரிதான், எது சம்பாதிக்குது எது சாப்பிடுதுன்னே தெரியாமப் போயிரும்.

விற்பனை நம்பர மட்டும் வச்சு கடைப் பையன்களுக்கு இன்சென்டிவ் குடுக்காதீங்க. டிஸ்கவுண்ட்ட அள்ளிக் குடுத்தும் கடனுக்குத் தூக்கிக் குடுத்தும் டார்கெட்ட முடிச்சுருவாங்க, அது அவங்க தப்பும் இல்ல, நீங்க கேட்டதத்தான் குடுக்கிறாங்க. வசூலான பணத்த வச்சு குடுங்க, 90 நாளுக்கு மேல நிக்கிற பாக்கியக் கழிச்சுட்டுக் குடுங்க. கூடவே எல்லாரும் ஒரே பாஸ்வேர்டுல உள்ள போறதையும் நிறுத்துங்க. கம்பெனியா பதிவு பண்ணினவங்களுக்கு 2023 ஏப்ரல் 1-ல இருந்து யார் எப்ப எந்த எண்ட்ரிய மாத்தினாங்கன்னு பதிவு வைக்கிற சாஃப்ட்வேர்தான் பயன்படுத்தணும்னு சட்டமே இருக்கு, தனி முதலாளிக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லேன்னாலும் வச்சுக்கிறது நல்லது.

கடைசியா ஒண்ணு, வெளி உலகத்து நம்பர் எதுவுமே இல்லாத சிஸ்டம். நம்ம கடை பில்லும் பேரேடும் நேத்து நடந்ததத்தான் சொல்லும். பர்மாவுல கடன் குடுத்த நம்ம செட்டியாருங்க கணக்குல கெட்டிக்காரங்க, ஐந்தொகை அணா பைசா சுத்தமா நிக்கும், ஆனா அத்தன கடனும் ஒரே நெல் விலைய நம்பி இருந்துச்சு. 1930-ல கீழ்ப் பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டத்துல செட்டியார்கள் கையில இருந்த நிலம் 6 சதவீதம், அந்த வருசம் விலை சரிய ஆரம்பிச்சு விவசாயிகளால கடன் கட்ட முடியாமப் போக, 1938 வாக்குல அது 25 சதவீதம். ஆசைப்பட்டு வாங்கின நிலம் இல்ல, ரொக்கமா திரும்பி வர வேண்டிய பணம் வயலா மாறி நின்னது. ஒவ்வொரு கடனையும் தனித்தனியாப் பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சிருக்கும், மொத்தமும் ஒரே இடத்துல சாஞ்சு நிக்கிதுங்கிறது தனிக் கணக்குல தெரியாது.

உங்க கடைல மொத்த பாக்கில பாதி ஒரே பில்டர்கிட்டயோ ஒரே ஹோட்டல்காரர்கிட்டயோ நிக்கிதான்னு அவுட்ஸ்டாண்டிங் ரிப்போர்ட்ட பார்ட்டி வாரியா இறக்கிப் பாருங்க. எண்ணெய் 15 சதவீதம் ஏறினா, அந்த ஒரு பார்ட்டி 2 மாசம் இழுத்தடிச்சா கைல ரொக்கம் எவ்வளவு மிஞ்சும்னு ஒரு எக்செல் ஷீட்டுல மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கலாம், அரை நாள் வேலைதான். பலகாரக் கடைன்னா கடலை எண்ணெய், பச்சரிசி விலை, டைல்ஸ் பட்டறைன்னா சிமெண்ட் விலையும் மழை நாளும், சேலைக் கடைன்னா நூல் விலை, இத வாராவாரம் எழுதி சேல்ஸ் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்துலயே வைங்க, எழுத வேண்டியது யாருங்கிறதையும் இந்த வாரமே முடிவு பண்ணிருங்க.