எரிந்த பேராலயத்தைச் செப்பனிடும் முறை: பாரிஸ் நோட்ர டாம் பணியை முன்வைத்து

தீ அணைந்ததும் புதுக் கூரைக்கு வரைபடம் கேட்கத் தோன்றும். 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்த நோட்ர டாமிலோ, எஞ்சியதைக் காப்பதற்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரிசையை மாற்றக் கூடாது.

முதல் வேலை முட்டுக் கொடுப்பது. கல் விதானம் (வளைவான உட்கூரை) சுவரை வெளிப்புறமாகத் தள்ளுவதை எதிர்த்து வெளியே நிற்கும் சாய்வு வளைவுகள், விதானம் இடிந்த இடத்தில் எதிர்விசை இல்லாமல் சுவரை உள்ளே சாய்த்துவிடக் கூடும். ஆகவே அங்கே ஒவ்வொரு வளைவுக்கும் அடியில் அதன் உருவத்துக்கேற்ற மரச்சட்டம் பொருத்தப்பட்டது. அடுத்தது சாரம். கூர்கோபுரத்தைப் பழுதுபார்க்கத் தீக்கு முன்பே எழுப்பியிருந்த சாரத்தின் சுமார் 40,000 குழாய்கள் வெந்து வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கயிற்றில் இறங்கிய தொழிலாளர்கள் 2020 ஜூனில் தொடங்கி நவம்பர் வரை அவற்றைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்தார்கள்.

கூரைத் தகடுகள் ஈயம் என்பதால் தூசியே நஞ்சு. தொழிலாளர் பாதுகாப்பு போதாமல் 2019 கோடையில் பணி சில வாரங்கள் நின்றதை நினைவில் வைத்து, உடை மாற்றும் அறையையும் குளியலறையையும் முன்னதாகவே அமைத்துவிடுங்கள். உட்சுவரில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். ரப்பர்ப்பால் கலவையைப் பூசி, சில நாள் உலரவிட்டு உரித்தால், தோலோடு கரியும் தூசியும் வந்துவிடும், கல்லின் வெளிர்நிறம் தெரியும்.

இடிபாட்டைக் குப்பையாகக் கருதாதீர்கள். விதானத்தின் கீழ் ஆள் நுழைவது ஆபத்து என்பதால் தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரங்களைக் கொண்டு கல்லையும் கரிந்த உத்தரத்தையும் பொறுக்கி, விழுந்த இடத்தோடு பதிவு செய்தார்கள். கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் தீக்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்திருந்த லேசர் அளவுகளும் பெரிதும் கைகொடுத்தன. உங்கள் ஆலயம் இன்னும் எரியவில்லை என்றால், அளவெடுக்க இதுவே நேரம்.

பிறகே தச்சு வேலை. பிரான்சிலேயே உள்ள ரீம்ஸ் பேராலயத்துக்கு முதல் உலகப்போருக்குப் பின் கான்கிரீட் சட்டக்கூரை போட்டார்கள், அதுவும் நிற்கிறது. பாரிஸில் பழையபடி ஓக் மரமே வேண்டும் என்று முடிவாயிற்று. என் கருத்தும் அதுவே. சாறு ஏறும் முன் மரங்களை வெட்டி, கூரை உத்தரங்களைப் பச்சை மரமாகவே, நாரின் ஓட்டத்தை ஒட்டிக் கோடரியால் செதுக்கினார்கள். நார் அறுபடாத உத்தரம் உலரும்போது சற்று முறுக்கினாலும் வலு குறையாது.

ஈயத்தகடு வேய்வதற்கு முன், கூரைக்கடியில் தீ பரவாமல் தடுக்கும் சுவர்களையும் நீர்த்திவலை தெளிக்கும் குழாய்களையும் பொருத்திச் சோதித்துவிடுங்கள்.