கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்: கிளானில் சேர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட கைப்பேசி விளையாட்டான கிளாஷ் ஆஃப் கிளான்ஸை நம்மில் பலர் இன்னும் விடாமல் ஆடிவருவதற்குக் கிளான், அதாவது ஆடுபவர்கள் சேர்ந்து அமைக்கும் குழுதான் காரணம். கிராமத்தைத் தனியாளாகவும் கட்டலாம். 50 பேர் வரை கூடி ஆடும்போது கிடைக்கும் உற்சாகம் அதில் வராது. அப்படிக் கூடிய நல்ல குழுக்கள் சில மாதங்களிலேயே கலைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆடத் தெரியாதவர்களால் அவை கலையவில்லை. ஆட வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் காணாமல் போனவர்களால்தான் கலைந்தன. பொழுதுபோக்குக்காக நடத்தும் கிளான்தானே என்ற நினைப்பே பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

முதல் தவறு சேரும்போதே நடந்துவிடுகிறது. தேடலில் முதலில் வரும் கிளானில் நுழைகிறோம். அதன் அறிமுகக் குறிப்பைப் படிப்பதில்லை. போர் எவ்வளவு அடிக்கடி நடக்கும், எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள், டொனேஷன் (சக உறுப்பினர்களுக்குப் படை கொடுத்து உதவுவது) எவ்வளவு எதிர்பார்ப்பார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த நாலு வரியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரம் கிடைப்பவர், இடைவெளியின்றிப் போர் நடத்தும் கிளானில் சேர்ந்தால் இரு பக்கமும் மனக்கசப்புதான் மிஞ்சும். உறுப்பினர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் இரவு பத்து மணி என்றால் கோலாலம்பூரில் நள்ளிரவு தாண்டி அரை மணி, துபாயில் எட்டரை. மூன்று ஊர்த் தமிழர்களும் இருக்கும் கிளானில் போரை எப்போது தொடங்குவது என்பதே ஒரு பேச்சுவார்த்தைதான்.

உறுப்பினர்களுக்குள் அதிகம் சண்டை வருவது, இரு கிளான்கள் ஒன்றின் கிராமங்களை மற்றொன்று தாக்கும் கிளான் வாரில். 23 மணி நேரம் ஆயத்தம், 24 மணி நேரம் போர், ஆளுக்கு இரண்டு தாக்குதல். ஒவ்வொருவரின் சுயவிவரத்திலும், போரில் சேர்த்துக்கொள்ளலாமா என்பதைச் சொல்லும் பச்சை, சிவப்புப் பொத்தான் உண்டு. பலர் அதைப் பச்சையில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வோ, வீட்டில் கல்யாணமோ, அலுவலக வேலையோ எதுவாக இருந்தாலும் அந்தப் பொத்தானைச் சிவப்பாக மாற்ற ஒரு நொடி போதும். பச்சையைப் பார்த்துத் தலைவர் உங்களைப் பட்டியலில் சேர்க்கிறார். நீங்கள் வராவிட்டால், ஆட ஆசைப்பட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் இன்னொருவரின் இடமும் சேர்ந்து வீணாகிறது.

இதைவிட நுட்பமான தவறு, தாக்குதலைக் கடைசி மணி நேரத்துக்குத் தள்ளிப்போடுவது. போரில் எதிரியின் பொறிகளும், மறைந்திருக்கும் டெஸ்லா என்ற தற்காப்புக் கோபுரங்களும், கிளான் கேசிலுக்குள் (டொனேஷனாக வந்த படை தங்கும் கட்டடம்) பதுங்கியிருக்கும் படையும் முதல் தாக்குதல் நடக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் தாக்கியபின், அந்தத் தாக்குதலில் வெளிப்பட்டவை எல்லாம் அதன் ரீப்ளேயில் (தாக்குதலின் பதிவில்) தெரிந்துவிடும். அடுத்து அதே கிராமத்தைத் தாக்குபவருக்கும் அதே பொறிகள், அதே படை. ஆகவே, போர் தொடங்கிய சிறிது நேரத்தில் நீங்கள் தாக்கி ஒரே ஒரு ஸ்டாரோடு (ஒரு தாக்குதலில் அதிகபட்சம் மூன்று ஸ்டார் எடுக்கலாம்) திரும்பினாலும், அந்த ரீப்ளேயைப் பார்த்து இன்னொருவர் மூன்று ஸ்டார் எடுக்க வழி பிறக்கிறது. அதே ஒரு ஸ்டாரைக் கடைசிப் பத்து நிமிடத்தில் எடுத்தால் அதனால் யாருக்கும் பயன் இல்லை. புதியவர்கள் தோல்விக்கு அஞ்சித்தான் தள்ளிப்போடுகிறார்கள். அவர்களுக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒருவராவது கிளானில் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று, யாரைத் தாக்கப்போகிறோம் என்று அரட்டையில் சொல்லாமலே தாக்குவது. 15 பேர் கொண்ட போரில் ஒரு பக்கம் எடுக்கக்கூடிய ஸ்டார்கள் அதிகபட்சம் 45. ஒவ்வொரு எதிரிக் கிராமத்திலும் சிறந்த தாக்குதல் மட்டுமே கணக்கில் சேரும். ஏற்கெனவே மூன்று ஸ்டார் எடுத்த, போர் வரைபடத்தில் ஒன்பதாம் எண்ணிட்ட எதிரிக் கிராமத்தைப் போய் மீண்டும் தாக்கினால் கிளானுக்கு ஒரு ஸ்டாரும் கூடாது. இரு பக்கமும் ஸ்டார் சமமானால் அழிவின் சதவீதம்தான் வெற்றியைத் தீர்மானிக்கும். நான்காம் எண் 92 சதவீதத்தில் நின்றிருக்க, யாரும் அதைத் தொடாமல் போர் முடிந்து, தோற்றபின் ஆளாளுக்குக் குறை சொல்லிக்கொள்ளும் கிளான்கள் எத்தனையோ. "நான் நான்காம் எண்ணை எடுக்கிறேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

கிளான் மொத்தமும் சேர்ந்து கட்டும் ஊரான கிளான் கேப்பிட்டலின் ரெய்டு வார இறுதியிலும், அதாவது மற்ற கிளான்களின் கேப்பிட்டலைத் தாக்கும் நாட்களிலும், இதே கதைதான். அங்கே ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடரலாம், இடிந்தது இடிந்ததுதான். பாதி இடிந்த மாவட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதியதைத் தொடங்குவது எல்லோருடைய தாக்குதல்களையும் சிதறடிக்கும்.

டொனேஷனைப் பற்றி ஒன்றே ஒன்று: கேட்ட படையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோரிக்கையை அடுத்தவருக்கு விட்டுவிடுங்கள். பலூன் கேட்டவருக்கு எண்ணிக்கை ஏறவேண்டும் என்பதற்காக ஆர்ச்சர்களை நிரப்புவது உதவி ஆகாது.

தலைவர்களும் தவறு செய்கிறார்கள். ஒரு தாக்குதலைத் தவறவிட்டதற்காக, என்ன ஆயிற்று என்று கேட்காமலே வெளியேற்றுவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. பொழுதுபோக்குக் கிளானில் முதல் முறை விசாரிப்பு, இரண்டாம் முறை அடுத்த போரில் ஓய்வு என்று இருந்தாலே போதும். நேர்மாறாக, வந்த சில நாட்களிலேயே இணைத்தலைவர் பதவியைத் தூக்கிக் கொடுப்பதும் ஆபத்து. இணைத்தலைவரால், அவருக்குக் கீழ்ப்பதவியில் இருக்கும் மூத்தோரையும் உறுப்பினர்களையும் வெளியேற்ற முடியும். கோபமோ கெட்ட எண்ணமோ கொண்ட ஒருவர் ஒரே இரவில் கிளானைக் காலி செய்துவிடலாம்.

"உனக்குப் பதிலாக நான் தாக்குகிறேன், கணக்கைக் கொடு" என்று யார் கேட்டாலும், தலைவரே கேட்டாலும், கொடுக்காதீர்கள். கணக்கைப் பகிர்வது நிறுவனத்தின் விதிகளுக்கு எதிரானது. பறிபோனால் மீட்பது பெரும்பாடு. கிளானுக்கென்று வெளியே குழு வைத்து உங்கள் தொலைபேசி எண்ணைக் கட்டாயமாகக் கேட்டாலும் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் பெண்களும் இதில் இருமடங்கு கவனமாக இருக்கட்டும்.

கிளானை விட்டு விலகுவதில் தவறே இல்லை. ஆனால் போர் நடுவில் விலகாதீர்கள். நீங்கள் போனாலும் உங்கள் கிராமம் போர் வரைபடத்தில் அப்படியே நிற்கும், உங்கள் தாக்குதல்கள் மட்டும் வெறுமையாகக் கிடக்கும். மாதத் தொடக்கத்தில் வரும் கிளான் வார் லீக்கில் ஒரு கிளானின் பட்டியலில் இடம்பெற்றவர் அந்த மாத லீக்கில் வேறு கிளானுக்காக ஆட முடியாது. ஆகவே லீக்கின் ஏழு போர்களும் முடியட்டும். பிறகு அரட்டையில் இரண்டு வரி எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.