படை நடந்த வழியை வரைபடத்தில் படிப்பது எப்படி?

மைசூர்ப் போர்க் காலத்தில் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையினர் கையால் வரைந்த வழித்தட வரைபடங்கள் பல, இன்று நூலகங்களின் மின்தொகுப்புகளில் காணக் கிடைக்கின்றன. ஆரணி, காஞ்சிபுரம், திருவண்ணாமலை வட்டாரங்களிலிருந்து வந்து சிங்கப்பூரில் வேரூன்றிய குடும்பத்தார் தங்கள் ஊரை இவற்றில் தேடலாம். பீரங்கி வண்டி எந்த வழியாகப் போகும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தளபதிக்குச் சொல்லவே இவை வரையப்பட்டன என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, அதன்மேல் டிரேசிங் தாளை வைத்து, படை சென்ற பாதையையும் முகாம்களையும் பென்சிலால் எடுத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு அருகிலுள்ள பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் இத்தகைய தாள் கிடைக்கும். வடக்கு எப்போதும் மேலே இருக்கும் என்று எண்ணிவிடாமல், அம்புக்குறியைத் தேடிப் பாருங்கள்.

தூரத்தைப் பெரும்பாலும் சக்கரம் உருட்டிச் சுற்றுகளை எண்ணியும், திசையைக் காம்பஸ் கொண்டும் அளந்தார்கள். பாதையின் வளைவுகளும் மேடுபள்ளங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், இரண்டு ஊர்களுக்கு இடையே குறித்த தூரம் நேர்க்கோட்டுத் தூரத்தைவிட மிகுதியாகவே இருக்கும். ஆகவே முழுப் படத்தையும் இன்றைய வரைபடத்தின்மேல் ஒரேயடியாகப் பொருத்த முயலாமல், ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாம்வரை துண்டு துண்டாகப் பொருத்துவதே சரியான முறை. அதற்கு நல்ல பிடிமானம் ஏரிக்கரைதான். தோப்பும் சத்திரமும் அழிந்துபோன இடங்களில்கூட, பழைய ஏரிக்கரையின் வளைவைச் செயற்கைக்கோள் படத்தில் பல நேரம் அப்படியே காணலாம். மலைக்கோட்டைகளும் உதவும். ஊர்ப்பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘வாண்டிவாஷ்’ வந்தவாசியாகவும், ‘டிரினோமலி’ திருவண்ணாமலையாகவும் தெளிந்துவிடும்.

தேதியைப் பார்க்காமல் ஆற்றைப் படிக்கக் கூடாது. 1780 ஆகஸ்டு இறுதியில் கும்பினியின் கர்னல் பெய்லியின் படை கொசஸ்தலையாற்றை அடைந்தபோது, அதில் கடக்க முடியாத அளவுக்குத் தண்ணீர் இல்லை. ஆயினும் வடகரையிலேயே முகாமிட்டார்கள். பின்னர் வெள்ளம் வந்துவிட்டதால் செப்டம்பர் தொடக்கம்வரை அங்கேயே முடங்கினார்கள். காஞ்சிபுரத்தில் இருந்த கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர்வதற்கு முன்பே, செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் அவர்களை முறியடித்தார்கள். வரைபடத்தில் ஒரு மெல்லிய நீலக் கோடாகத் தெரியும் ஆறு, ஒரு படையின் தலைவிதியையே மாற்றியிருக்கிறது. ஆகையால் ஒவ்வொரு முகாமின் அருகிலும் தேதியையும், ஆற்றின் எந்தக் கரை என்பதையும் தவறாமல் எழுதிவையுங்கள்.

பாதையிலிருந்து விலகியுள்ள மலைகளும் ஊர்களும் பெரும்பாலும் கண்ணால் மதிப்பிட்டும், பிறர் சொல்லக் கேட்டும் குறிக்கப்பட்டவை. அங்கே உங்கள் ஊர் விடுபட்டிருந்தால், அக்காலத்தில் ஊரே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கு அடிப்படையான நேர்க்கோடு) அளந்து தொடங்கிய முக்கோண அளவீட்டின் வழிவந்த வரைபடங்களை எடுத்து, அதே இடத்தை அவற்றில் மீண்டும் தேடுங்கள்.