மார்க்கரோடு ஒரு மணி நேரம்: டென்னிஸ் பயிற்சியை உருப்படியாகச் செய்வது எப்படி

நான் சென்னையில் ஒரு கிளப்பில் மார்க்கர். கிளப் பக்கம் வராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: மெம்பருக்கு ஆட ஆள் கிடைக்காதபோது எதிர்ப்பக்கம் நின்று அடித்துக் கொடுப்பவன்தான் மார்க்கர். பந்து பொறுக்கும் பையனாகச் சேர்ந்து, கிளே கோர்ட்டுக்கு, அதாவது மண் தரைக்கு, தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, அப்புறம்தான் ராக்கெட் பிடித்தேன். கோச்சிங் படிப்பெல்லாம் பிறகு வந்தது.

எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். மெம்பரைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புவதுதான் மார்க்கரின் வேலை. ஒரு சாருக்கு ஃபோர்ஹேண்ட் பக்கம் (ராக்கெட் பிடித்த கைப்பக்கம்), இடுப்பு உயரத்தில் வந்தால் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால் போதும், ஒரு மணி நேரமும் பந்து அங்கேயேதான் வரும். சார் விளாசுவார். "டைமிங் இன்னிக்கு அருமை சார்" என்போம், அது பொய்யும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டபுள்ஸில் அதே சாருக்குப் பந்து இரண்டடி தள்ளி விழும். நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி வலையில் போடுவார். "கை போச்சுப்பா" என்பார். கை எங்கேயும் போகவில்லை. கால்தான் போகவே இல்லை.

ஆகவே பயிற்சியில் நீங்கள் மாற்ற வேண்டிய முதல் விஷயம், மார்க்கரிடமோ கூட ஆடும் நண்பரிடமோ சொல்லும் சொல். "கைக்குக் கொடுக்காதீங்க, ரெண்டு அடி தள்ளிக் கொடுங்க" என்று சொல்லுங்கள். முதல் நாள் அவர் நம்ப மாட்டார். இரண்டு பந்து தள்ளிப் போட்டு, நீங்கள் இரண்டையும் தவறவிட்டால், உங்கள் முகத்தைப் பார்த்துப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார். மறுபடி சொல்லுங்கள். ஒன்று ஆழமாக, ஒன்று சர்வீஸ் கோட்டுக்குள் குட்டையாக, ஒன்று தோள் உயரத்துக்கு எழும்பி, ஒன்று தாழ்ந்து என்று கேட்டு வாங்குங்கள். பார்க்க அழகாக இருக்காது. பக்கத்துக் கோர்ட்டில் ஆடுபவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆரம்பத்தை மட்டும் மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டுக்குள் நுழைந்ததும் பேஸ்லைனில், அதாவது பின்கோட்டில், நின்று முழு வேகத்தில் அடிக்கும் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. வலையிலிருந்து 6.40 மீட்டரில் சர்வீஸ் கோடு இருக்கிறதல்லவா, இரண்டு பேரும் அதற்குள் நின்று பத்து நிமிடம் சின்னச் சின்னதாக அடியுங்கள். வலைக்கு மேலே போக வேண்டும், எதிர்ப் பெட்டிக்குள் விழ வேண்டும், அவ்வளவுதான். இடம் சின்னது என்பதால் கால் தானாகச் சின்ன அடிகள் வைக்கப் பழகும். காலையில் பனி ஈரம் ஏறிய கிளேயில் பந்து கனமாகிவிடும். எடுத்தவுடன் ஓங்கி அடித்தால் முழங்கை வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

சரி, கால் விஷயத்துக்கு வருகிறேன். கோச்சுகள் ஸ்ப்ளிட் ஸ்டெப் என்று ஓயாமல் சொல்வார்கள், மெம்பர்கள் தலையாட்டுவார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். செய்பவர்களும் நேரம் தப்பிச் செய்வார்கள். எதிராளி ராக்கெட்டை முன்னே கொண்டுவரும்போது நீங்கள் சின்னதாக ஒரு துள்ளல் போட வேண்டும். குதிப்பது அல்ல, பாதம் தரையை விட்டுக் கொஞ்சம் எழுந்தால் போதும். பந்து அவர் ராக்கெட்டில் பட்டு எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று தெரியும் கணத்தில், இரண்டு பாதங்களும் தோள் அகலத்துக்கு விரிந்து, முன்பாதத்தில் இறங்கியிருக்க வேண்டும். குதிகாலில் நிற்பவருக்கு முதல் அடி எப்போதும் தாமதம். பழகுவதற்கு வழி எளிது. எதிராளி அடிக்கும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு "ஹாப்" என்று சொல்லிக்கொண்டே துள்ளுங்கள். வெட்கமாக இருந்தால் முணுமுணுங்கள். வாய் சொல்ல மறந்த பந்தில் காலும் மறந்திருக்கும், நீங்களே கவனிப்பீர்கள்.

இன்னொரு பயிற்சிக்கு ராக்கெட்டே வேண்டாம். நண்பர் இரண்டு கைகளிலும் கைக்கொரு பந்தைத் தோள் உயரத்தில் பிடித்துக்கொண்டு கையை விரித்து நிற்பார். நீங்கள் நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். அவர் சொல்லாமல் ஏதோ ஒன்றைக் கீழே விடுவார். இரண்டாவது முறை தரையில் படுவதற்குள் ஓடிப் பிடிக்க வேண்டும். வசப்பட்டதும் இன்னொரு அடி பின்னால் போங்கள். இப்போது போனில் பார்த்துவிட்டு எல்லோரும் பிளாஸ்டிக் ஏணி வாங்கி வந்து தரையில் விரிக்கிறார்கள். கால் வேகமாக ஆடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ஏணி எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரியும், பந்து எங்கே போகும் என்று தெரியாது. என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல கோர்ட் ஷூ வாங்குங்கள். ஓட்டப் பயிற்சிக்கான ஷூவில் டென்னிஸ் ஆடாதீர்கள். அதன் குதிகால் உயரமானது, பக்கவாட்டுப் பிடிப்போ குறைவு. கணுக்கால் மடங்கி உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

அடித்த பிறகு எங்கே போய் நிற்பது என்பதும் கால் பாடம்தான். "நடுவுக்கு வா" என்று சிறு வயதில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது பாதி சரி. வலது மூலையிலிருந்து நீங்கள் குறுக்காக அடித்தால், எதிராளியால் திருப்பி அடிக்கக்கூடிய இரண்டு கோடிகளுக்கும் நடுப்புள்ளி பேஸ்லைனின் நடுக்குறியிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளியே இருக்கும். அங்கே நின்றால் போதும், ஓட்டம் குறைவு. அதே மூலையிலிருந்து நேர்க்கோட்டில் அடித்தால் நடுக்குறியையும் தாண்டி இடப்பக்கம் ஓட வேண்டும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மெம்பர்களிடம் குறுக்காகவே ஆடுங்கள் சார் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான். இன்னும் இரண்டு காரணங்களும் உண்டு. வலை நடுவில் 91.4 சென்டிமீட்டர், கம்பத்தருகில் 1.07 மீட்டர், ஆகவே குறுக்கே போகும் பந்து தாழ்வான இடத்தைத் தாண்டுகிறது. சிங்கிள்ஸ் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர், மூலைக்கு மூலை அளந்தால் 25 மீட்டரைத் தாண்டும். ஒன்றேகால் மீட்டருக்கு மேல் கூடுதல் இடம் சும்மா கிடைக்கிறது.

இதை ஆட்டமாகவே பழகலாம். இரண்டு பேரும் பாதிக் கோர்ட்டைக் குறுக்காக மட்டும் பயன்படுத்தி 11 புள்ளி வரை ஆடுங்கள். சர்வீஸ் கோட்டுக்கு முன்னால் குட்டையாக விழுந்தாலும் அடித்தவருக்குப் புள்ளி போச்சு. குறி வேண்டும் என்றால் பந்து டப்பாவை நிறுத்துங்கள், ஆனால் கோட்டின் மேல் அல்ல, ஒரு மீட்டர் உள்ளே. கோட்டைக் குறிவைப்பவர் பாதிப் பந்தை வெளியே அடிக்கிறார். வலைக்கு மேலே ஒரு ராக்கெட் நீளமாவது இடைவெளி விட்டு அடித்தால் ஆழம் தானாக வரும்.

கைப்பிடி பற்றி நிறையப் பேசலாம், நான் கொஞ்சம்தான் பேசுவேன். எந்தப் பிடியாக இருந்தாலும் மெம்பர்கள் இறுக்கிப் பிடிப்பதுதான் தொல்லை. பந்து உங்களிடம் வந்துகொண்டிருக்கும்போது மற்ற கையால் ராக்கெட்டின் கழுத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள், அடிக்கும் கை இளகி இருக்கும். நம் ஊர் வேர்வைக்கு, கைப்பிடி மேல் சுற்றும் ஓவர்கிரிப்பை அடிக்கடி மாற்றுங்கள். வழுக்கும் பிடியைத்தான் கை தன்னையறியாமல் நெரிக்கிறது. முழங்கை வலி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ராக்கெட்டில் கட்டிய நரம்பு என்ன என்றுதான். டிவியில் பார்க்கும் ஆட்டக்காரர்கள் போடுகிறார்கள் என்று பாலியெஸ்டர் நரம்பை விறைப்பாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்கள் வீச்சும் உடம்பும் வேறு. வார இறுதியில் ஆடுபவருக்கு மென்மையான நைலான் நரம்பு, 50 பவுண்டு சுற்றுவட்டாரத்தில் இழுத்துக் கட்டினால் போதும்.

இன்னொரு நோய், தாமதமாக ராக்கெட்டை எடுப்பது. பந்து தரையில் பட்ட பிறகு தோளைத் திருப்பினால், பந்தை உடம்புக்குப் பக்கத்திலேயோ பின்னாலேயோதான் சந்திப்பீர்கள். பந்து வலையைத் தாண்டுவதற்குள் தோள் திரும்பியிருக்க வேண்டும். இதற்கும் வாய்தான் மருந்து. தரையில் படும்போது "பவுன்ஸ்", ராக்கெட்டில் படும்போது "ஹிட்". இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு வந்தால் நீங்கள் தாமதம். இந்தப் பயிற்சியில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வாய் பந்தைப் பின்தொடரும்போது, போன பாயிண்ட்டை நினைத்துப் புலம்ப அதற்கு நேரம் இருக்காது.

சர்வீஸ்தான் தனியாகப் பழகக்கூடிய ஒரே அடி, அதைத்தான் யாரும் தனியாகப் பழகுவதில்லை. ஒரு கூடை பழைய பந்து எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கால் கூடைக்குப் பந்தை மேலே போட மட்டும் செய்யுங்கள், அடிக்க வேண்டாம். வலது கைக்காரருக்கு முன்பாதத்துக்குச் சற்று முன்னால், கொஞ்சம் வலப்பக்கமாக விழ வேண்டும். அங்கே ஒரு டப்பா மூடியை வைத்துப் பாருங்கள், எத்தனை முறை தப்புகிறது என்று தெரியும். அப்புறம் இரண்டாவது சர்வீஸை முதலில் பழகுங்கள். சுழலோடு, வலைக்கு உயரமாக, நம்பி அடிக்கக்கூடிய ஒன்று கையில் இருந்தால்தான் முதல் சர்வீஸைப் பயமில்லாமல் அடிக்க முடியும். ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே சர்வ் போடுபவர்களுக்குச் சுழல் வராது. ராக்கெட்டின் விளிம்பைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, மேலிருந்து கை கொடுத்து எடுங்கள். காண்டினென்டல் பிடி அதுதான். முதலில் எல்லாப் பந்தும் பக்கவாட்டில் பறக்கும். பிடியை மாற்றாதீர்கள்.

வேகம் பற்றிக் கேட்பவர்களிடம் நான் சொல்வது ரமேஷ் கிருஷ்ணனைத்தான். நம்ம சென்னைக்காரர். சர்வீஸில் வேகம் இல்லை என்று அவர் ஆடிய காலம் முழுக்க எல்லோரும் சொன்னார்கள், உண்மையும் அதுதான். அவர்தான் 1989 ஆஸ்திரேலியன் ஓப்பனில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். இடம் பார்த்துப் போட்டு, அடுத்த பந்துக்குத் தயாராக நிற்பது அவர் வழி. நமக்கும் அந்த வழிதான் ஒத்துவரும்.

பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலிக்கு ஒரே ஒரு வரி: ராக்கெட்டைப் பின்னால் எடுக்காதீர்கள், ஒரு காலை முன்னே வையுங்கள்.

மனசு. என்னோடு ஆடும்போது பயமே இல்லாமல் அடிப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை உறைந்துபோவதற்குக் காரணம், என்னோடு ஆடும் ஆட்டத்தில் தோற்பதற்கு எதுவும் இல்லை. ஆகவே பயிற்சியிலேயே தோற்பதற்கு ஏதாவது வையுங்கள். ஒவ்வொரு கேமையும் 0-30 இல், சர்வ் போடுபவர் இரண்டு பாயிண்ட் பின்தங்கியபடி, ஆரம்பியுங்கள். இரண்டாவது சர்வீஸ் கிடையாது என்று ஒரு செட் ஆடுங்கள். கடைசிப் பத்து நிமிடம் ஒரு டைபிரேக், தோற்றவர் டீ வாங்க வேண்டும். வெறும் டீதான், ஆனால் 5-5 வரும்போது சில பேர் கை நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நடுங்கட்டும், இங்கேயே நடுங்கிப் பழகட்டும்.

பாயிண்ட்டுக்குப் பாயிண்ட் விதிப்படி 25 வினாடி இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தங்களைத் திட்டிக்கொள்ளச் செலவழிக்கிறார்கள். அதற்கு ஒரு வேலை கொடுங்கள்: வலைக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள், நரம்புகளை விரலால் சரிசெய்யுங்கள், அடுத்த பந்தை எங்கே போடப்போகிறோம் என்று ஒரே ஒரு முடிவு எடுங்கள், மூச்சை விட்டுவிட்டுக் கோட்டுக்கு வாருங்கள். இதையும் என்னோடு ஆடும்போதே செய்ய வேண்டும், போட்டியன்று புதிதாக வராது. ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் தலையில் அடித்துக்கொள்ளும் ஒரு சாருக்கு நான் ஃபெடரர் கணக்கைச் சொல்வேன். 2024 இல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் அவரே சொன்னது: 1,526 ஒற்றையர் ஆட்டங்கள், கிட்டத்தட்ட 80 சதவீதம் வெற்றி, ஆனால் ஜெயித்த பாயிண்ட்டுகள் 54 சதவீதம்தான். சார் அதைக் கேட்டுவிட்டு, "அவருக்கு 54, எனக்கு 45ப்பா" என்றார். சரி, ஆனால் அன்றைக்குத் தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

வாரத்தில் மூன்று நாள் வருபவராக இருந்தால் இரண்டு நாள் இப்படிப் பழகுங்கள், ஒரு நாள் ஜாலியாக ஆடுங்கள். மே மாதத்தில் காலை எட்டு மணிக்கு மேல் நிற்காதீர்கள், உப்புப் போட்ட மோர் எடுத்து வாருங்கள், வெறும் தண்ணீர் மட்டும் போதாது. வடகிழக்குப் பருவமழையில் கிளே கோர்ட் நாள் கணக்கில் மூடிக்கிடக்கும். அப்போது ஒரு சுவர் இருந்தால் போதும். மூன்றடி உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, ஆறேழு மீட்டர் தள்ளி நீங்கள். சுவர் சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிடும், ஆகவே வேகமாக அடிக்காமல், தோளை உடனே திருப்பவும் துள்ளலைப் பழகவும் அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு முறை தரையில் பட்டு வந்தாலும் பரவாயில்லை. பழைய பந்துகளையே எடுத்துப் போங்கள், ஈரச் சுவரில் நல்ல பந்தின் ரோமம் ஒரே நாளில் போய்விடும்.