மேடைப் பேச்சாளராகப் போகிறீர்களா? உங்கள் அறிமுக வீடியோவை நீங்களே எடுக்கலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காசு கொடுத்துப் பேச அழைக்கும் மேடைகள் வருடம் முழுக்க ஒரே மாதிரி வருவதில்லை. ஜூன் 16 இளைஞர் தினம், ஆகஸ்ட் 9 மகளிர் தினம், செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், அப்புறம் நவம்பரில் தொடங்கும் கம்பெனிகளின் ஆண்டு இறுதி விழாக்கள். பெரும்பாலான அழைப்புகள் இவற்றை ஒட்டித்தான் வரும். ஆள் தேடுகிறவர் பல பேருடைய வீடியோவை அடுத்தடுத்துப் பார்த்து முடிவு செய்துவிடுவார்.

அந்த ஆளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சாளர் சொதப்பினால் மேலிடத்தில் திட்டு வாங்கப்போவது அவர்தான். அவருக்கு உங்கள் பட்டங்கள் வேண்டாம். நீங்கள் பேசும்போது கூட்டம் கேட்கிறதா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதனால்தான் ஸ்டுடியோவில் கேமராவைப் பார்த்துப் பேசி எடுக்கும் வீடியோவை நான் சிபாரிசு செய்வதே இல்லை.

1. முதலில் ஒரு வரி எழுதுங்கள்

யாருக்கு, எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்? ‘தன்னம்பிக்கைப் பேச்சாளர்’ என்றால் யாருக்கும் எதுவும் பிடிபடாது. ‘கிடங்கு ஊழியர்களுக்கு வேலையிடப் பாதுகாப்பு’ என்றால் துறைமுகப் பக்கம் கம்பெனி வைத்திருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

2. மேடையைப் பிடியுங்கள்

அழைப்பு இன்னும் வரவில்லை என்றால் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் உள்ள கோயில் மண்டபங்களையும் பள்ளிகளையும் கேளுங்கள். இலவசமாகப் பேசுகிறேன், வீடியோ எடுக்க மட்டும் அனுமதி கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பெரிய மண்டபத்தில் முப்பது பேர்தான் வந்தார்கள் என்றால், ஆரம்பிக்கும் முன்பே எல்லோரையும் முன்வரிசைக்கு வரச் சொல்லுங்கள். காலி நாற்காலி கேமராவில் பளிச்சென்று தெரியும்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பொப்பியா என்கிற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் இங்கே முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. வீடியோ எடுக்கிறோம் என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள், மேடையிலும் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்களைக் கேமரா படாத பக்கம் உட்காரவையுங்கள். பள்ளி என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் குழந்தைகள் முகத்தைக் காட்டவே கூடாது.

3. இரண்டு போன் போதும்

ஒன்று மண்டபத்தின் நடுவில், ஸ்டாண்டில், உங்களைப் பார்த்து. இன்னொன்று மேடை ஓரத்தில், கூட்டத்தைப் பார்த்து. இந்த இரண்டாவதுதான் உங்கள் வீடியோவுக்கு உயிர் கொடுக்கும். சிரிக்கிற முகம், குறிப்பெடுக்கிற கை எல்லாம் அதில்தான் கிடைக்கும்.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. போன் வழக்கமான, விநாடிக்கு 30 பிரேம் (படம்) என்ற கணக்கில் எடுத்தால் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாமல் படத்தில் பட்டை பட்டையாக ஓடலாம். 25 பிரேமுக்கு மாற்றி, ஷட்டரை விநாடியில் 50-இல் ஒரு பங்கு என்று வையுங்கள். ஐபோனில் கேமரா அமைப்புகளில், வீடியோ பதிவுப் பகுதியில் ‘Show PAL Formats’ என்பதை இயக்கினால் 25 வரும்.

4. ஒலி

படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி கரகரத்தால் மூடிவிடுவார்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள். மூன்றாவதாக ஒரு போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மைக்கை அதில் செருகிப் பையில் வைத்துக்கொண்டு பதிவு செய்யலாம். சேலை கட்டுகிறவர்கள் தோள்பக்க மடிப்பில், சங்கிலி உரசாத இடமாகப் பார்த்துக் குத்த வேண்டும். தாலிச் சங்கிலியோ மாலையோ ஒருமுறை உரசினாலும் பேச்சில் பாதி போய்விடும். பிப்ரவரிப் புழுக்கத்தில் மின்விசிறியை நிறுத்த முடியாது, ஆகவே மைக் வாய்க்கு ஒரு சாண் தூரத்திலேயே இருக்கட்டும். எல்லாப் போனும் ஓடத் தொடங்கியதும் பலமாக ஒருமுறை கை தட்டுங்கள். பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்த அந்தச் சத்தம்தான் அடையாளம்.

கடற்கரையில் நின்று பேசி எடுக்கலாமே என்று தோன்றும். காற்று உங்கள் குரலை விழுங்கிவிடும், வேண்டாம்.

5. கேட்டவர்களின் வாய்ச்சொல்

கூட்டம் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்தது’ என்பார்கள். போனில் பதிவு செய்தபடியே, ‘திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் எதை மாற்றப் போகிறீர்கள்?’ என்று கேளுங்கள்.

6. வெட்டி ஒட்டுதல்

மொத்தம் இரண்டு மூன்று நிமிடம். லோகோ சுழலும் முகப்பு வேண்டாம். கூட்டம் வாய்விட்டுச் சிரித்த இடத்திலோ, சட்டென்று அமைதியான இடத்திலோ தொடங்குங்கள். அடுத்து உங்கள் பெயர், அந்த ஒரு வரி. அதன்பின் குறைந்தது நாற்பது விநாடி வெட்டே இல்லாமல் பேச்சு ஓடட்டும். மூன்று விநாடிக்கு ஒருமுறை வெட்டினால், இவரால் தொடர்ந்து பேச முடியுமா என்ற சந்தேகம் வரும். ‘சனிபோனானி’ என்று ஜூலு மொழியில் நீங்கள் வணக்கம் சொல்ல, கூட்டம் பதில் சொல்லும் காட்சி இருந்தால் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். எல்லா மக்களோடும் பழகுகிறவர் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தமிழில் பேசியதைத் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் தனி வீடியோவாக்குங்கள். அதிலும் படத்தின் கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகள் ஓடட்டும். 1860 முதல் இந்தியாவிலிருந்து இங்கே வந்த குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் வீட்டிலேயே ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் உரிமைச் சிக்கல் வரும். யூடியூபின் ஒலி நூலகத்தில் இலவச இசை கிடைக்கிறது.

7. அனுப்புவது

வாட்ஸப்பில் வீடியோவாகவே அனுப்பினால் தரம் குறைந்துவிடும். யூடியூபில் ஏற்றிச் சுட்டியை அனுப்புங்கள். மகளிர் தினத்தைக் குறிவைக்கிறீர்கள் என்றால் மே மாதத்திலேயே அது தயாராக இருக்கட்டும்.